குறுக்கே வெட்டாத முகம்

"இன்னைக்கு யாரடி கேன்சல்?"

அவிநாசியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் தட்டைமுறுக்கைக் கடித்தபடி, "தெரியலடி. குரூப்புல இன்னும் சொல்லல. சொன்னாப் போட்டுருவோம்" என்றாள். வலைதளத்தில் இன்று யாரைப் புறக்கணிப்பது என்பதை, மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்கும் குரலில்தான் இரண்டு பேரும் பேசினார்கள். நானோ திருப்பூர் வருவதற்குள் மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

பனியன் தொழிலில் வெட்டுகிறவர், தைக்கிறவர், மடிக்கிறவர், அயர்ன் போடுகிறவர் என்று எத்தனையோ வேலைகள் உண்டு. இப்போது மன்னிப்புக் கேட்கிறவர் என்று ஒரு வேலை புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதில்தான் நான் இருக்கிறேன்.

நல்லூரில் இருபத்திரண்டு மெஷின் ஓடும் சின்ன கம்பெனி எங்களுடையது. கல்லூரிகளுக்கு டிபார்ட்மென்ட் டீ-ஷர்ட், விளையாட்டு விழா டீ-ஷர்ட், பிரிவு விழா டீ-ஷர்ட் தைத்து, பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறோம். மாணவர்கள் யாரும் இப்போது நேரில் வந்து ஆர்டர் கொடுப்பதில்லை. சமூக வலைதளத்தில் எங்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே வந்து எழுதுவார்கள், திட்டுவார்கள், இதயப் படம் போடுவார்கள், மறுபடியும் திட்டுவார்கள். பதில் போடுவது நான். இப்படிக் கம்பெனிப் பக்கத்தையோ, கடைப் பக்கத்தையோ பார்த்துக்கொண்டிருப்பவர்களே, போன் அதிர்ந்தால் நெஞ்சும் சேர்ந்து அதிர்கிறவர்களே, உங்களுக்கு இது புரியும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

அட்மின் ப்ரோ

படிப்பு முடிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். இன்டர்வியூ என்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஓனர் குமாரசாமி அண்ணன் எதிரில் உட்கார்ந்து என் பேரைக் கேட்டார். இரண்டு முறை சொல்லியும் அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "பரவால்ல கண்ணு, இந்த வேலைக்குப் பேசோணும்னு இல்ல, டைப் அடிச்சாப் போதும்" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கம்பெனியின் வலைதளப் பக்கத்தில் என் படம் இல்லை, பேர் இல்லை. ஒரு செம்பருத்திப் பூ மட்டும் இருக்கிறது. பதில் சொல்கிறவர் ஆண் என்று மாணவர்களே முடிவு செய்துகொண்டார்கள். எல்லாருக்கும் நான் 'அட்மின் ப்ரோ'. திருத்தவில்லை. திருத்தினால் பேர் கேட்பார்கள், அப்புறம் ஊர் கேட்பார்கள், அப்புறம் போனில் பேசுவார்கள். செம்பருத்திக்குப் பின்னால் இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன். சைஸ் மாற்றிக் கேட்ட ஒரு மாணவன் ஒருமுறை எழுதினான்: "ப்ரோ, எத்தனை தடவ போன் பண்ணாலும் எடுக்க மாட்டேங்கறீங்க, ஆனா ஒரே நிமிஷத்துல ரிப்ளை வருது. நீங்க நிஜ ஆளா, மெஷினா?"

பப்ஸுக்கு எதிராக எண்பது பீஸ்

ஒரு கல்லூரிக்கு எதிரே இருந்த பேக்கரிக்காரர், அங்கே டீ குடிக்க வந்த மாணவியின் உடையைப் பற்றி நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அந்த பேக்கரியைப் புறக்கணிக்கச் சொல்லி ஒரு வீடியோ ஓடியது. மறுநாள் எங்களுக்கு ஆர்டர் வந்தது: எண்பது பீஸ், கறுப்பு ரவுண்டு நெக், நெஞ்சில் ஒரு முட்டை பப்ஸ், அதன்மேல் சிவப்புக் கோடு. அவசரம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் எனக்கும் பட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் படித்தபோது அப்படிப் பேசினவர்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தவள் நான்.

பிரிண்டிங் அண்ணன் பப்ஸுக்கு ஒரு ஸ்கிரீன், கோட்டுக்கு ஒரு ஸ்கிரீன் என்று தயார் செய்துவிட்டார். பப்ஸ் நிறம் முறுகலாக வர வேண்டும் என்று அவருக்கு ஒரே அக்கறை. பிரிண்ட் ஏற்றப் போகிற நேரத்தில் பேக்கரிக்காரர் அந்தப் பெண்ணிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டார். ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். அடுத்த மெசேஜ் வந்தது: "ப்ரோ, அவரு சாரி சொல்லிட்டாரு. சிவப்புக் கோட்டை மட்டும் எடுத்துட்டு பிரிண்ட் போட்டுருங்க, பப்ஸ் நல்லாத்தான் இருக்கும்."

ஜெராக்ஸ் கடை

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமில்லை. நான் கல்லூரியில் படித்த கடைசி வருஷம், எங்கள் ஜெராக்ஸ் கடைக்காரர் மாணவிகளின் போன் நம்பரை யாருக்கோ கொடுக்கிறார் என்று ஒரு பதிவு வந்தது. கடையின் போட்டோவும் அவர் முகமும் அதில் இருந்தன. நேரில் நான் அவரிடம் பேசியதே இல்லை. பக்க எண்ணை எழுதி நீட்டுவேன், அவர் எடுத்துக் கொடுப்பார். என் தோழி பகிர்ந்தாள். நானும் பகிர்ந்தேன். வாய் திறக்காமலே ஒரு நியாயத்தின் பக்கம் நிற்க முடிகிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, நம்பரைக் கொடுத்தது அவர் இல்லை, எங்கள் வகுப்பிலேயே ஒருவன் என்று தெரிந்தது. பதிவு போட்டவர் அதை எடுத்துவிட்டார். கடையின் ஷட்டர் ஏறவில்லை. அவர் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. தோழி என்னைத் தேற்றினாள்: "நீ என்னடி பண்ணுன? ஒரு விரல் வெச்ச, அவ்வளவுதானே. ஆயிரம் பேர் வெச்சாங்க."

மீசை கரெக்டா வரணும்

போன ஜூலையில் ஒரு கல்லூரியிலிருந்து நூற்றிருபது பீஸ் ஆர்டர் வந்தது. அங்கே கல்லூரி பஸ் ஓட்டிய மாணிக்கம் என்கிற டிரைவர் திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனார். மாணவர்கள் அவர் நினைவாக ஒரு கிரிக்கெட் மேட்ச் வைத்தார்கள். அதற்குத்தான் சட்டை. நெஞ்சில் அவர் முகம், கோட்டோவியமாக: நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, இரண்டு பக்கமும் இறங்கிய பெரிய மீசை. கீழே, தினமும் பஸ்ஸை எடுக்கும் முன் அவர் திரும்பிப் பார்த்துக் கேட்கிற கேள்வி: "ஏறிட்டீங்களா எல்லாரும்?"

ஆர்டர் கொடுத்தவள் மாணவர் சங்கச் செயலாளர் நிவேதா. ஒரு நாளில் பதினாறு மெசேஜ் அனுப்பினாள். கண்ணாடி கொஞ்சம் மேலே, தாடை கொஞ்சம் அகலம், சிரிக்க வேண்டாம், ஆனால் சிரிக்கப் போகிற மாதிரி இருக்க வேண்டும். நாலு சாம்பிள் அனுப்பியும் அவளுக்கு ஒப்பவில்லை. ஐந்தாவதைப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதினாள்: "இதேதான் ப்ரோ. மீசை மட்டும் இப்படியே கரெக்டா வரணும். அதுல தப்பாச்சுன்னா அவரு இல்ல."

கத்தரி

எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. பிரிண்ட் கெட்டுப்போன பீஸை முழுசாக வெளியே விடக் கூடாது. விட்டால் அதே சட்டை சந்தையில் குவியலில் கிடக்கும், ஆர்டர் கொடுத்தவர் பார்த்துவிட்டு நம் சட்டையைப் பிடிப்பார். அதனால் செக்கிங்கில் கழிக்கிற ஒவ்வொரு பீஸிலும் பிரிண்டின்மேல் கத்தரியால் குறுக்கே ஒரு வெட்டு. சிங்கமோ, பூவோ, கல்லூரிப் பேரோ, எதுவாக இருந்தாலும் வெட்டித்தான் வேஸ்ட் மூட்டையில் போடுவார்கள். பிறகு அதைக் கிழித்து மெஷின் துடைக்க எடுத்துக்கொள்வார்கள்.

நூற்றிருபது பீஸுக்கு மேல் கூடுதலாக அடித்ததில் எட்டு பீஸில் கண்ணாடி ஓரம் மை கசிந்திருந்தது. செக்கிங் அக்கா முதல் பீஸை மேசையில் விரித்து, கத்தரியை மீசைக்கு மேலே வைத்தார். ஓனர் அண்ணன் அன்று வெளியே போயிருந்தார். ஆர்டர் என் பொறுப்பு. "வேண்டாங்க்கா. செத்துப்போனவர் முகம். வெட்டாதீங்க" என்றேன். அந்த அக்காவிடம் நான் அதுவரை பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. அவர் கத்தரியை எடுத்துவிட்டு, எட்டையும் அப்படியே மூட்டையில் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: "வெட்டாட்டி அது துணியாகாது கண்ணு, முகமாவேதான் கிடக்கும். அப்புறம் உங்க இஷ்டம்."

பதினொரு நொடி

சனிக்கிழமை மத்தியானம் நிவேதாவும் அவள் நண்பர்கள் நாலு பேரும் சட்டைகளை எடுத்துப்போக வந்தார்கள். அவர்களில் ஹரிஷ் என்ற மாணவன், 'எங்கள் அண்ணன் சட்டை பிறந்த இடம்' என்று ஒரு வீடியோ போட வேண்டும், உள்ளே எடுக்கலாமா என்று கேட்டு மெசேஜ் அனுப்பினான். 'தாராளமாக எடுங்கள்' என்று பதில் போட்டேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.

சனிக்கிழமை எங்களுக்கு மெஷின் துடைக்கும் நாள். வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு டெய்லரும் வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் மெஷினைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். ஹரிஷின் வீடியோவில் அதுவும் பதிந்தது. எடுக்கும்போது யாரும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவை வெட்டி ஒட்டும்போது கவனித்திருக்கிறார்கள். துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினின் தலையை ஒரு பெண்ணின் கை துடைக்கிறது. கையிலிருக்கும் துணியில் மாணிக்கம் அண்ணனின் முகம், முழுசாக. கண்ணாடியிலிருந்து மீசை வரைக்கும் எண்ணெய் வழிகிறது. பதினொரு நொடி. அதை மட்டும் தனியாகப் போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை நான் பஸ்ஸில் வரும்போதே போன் சூடாகிவிட்டது. 'இறந்தவர் முகத்தில் எண்ணெய் துடைக்கும் கம்பெனி. இனி ஒரு சட்டைகூட இவர்களிடம் வாங்க மாட்டோம்.' இதே வரி, எழுத்து மாறாமல், நூற்றுக்கணக்கான பேரிடமிருந்து. மதியத்துக்குள் வேறு மூன்று கல்லூரிகள் ஆர்டரை நிறுத்திவைத்தன. வீடியோவில் முகம் தெரியவில்லை, கை மட்டும்தான். மணிக்கட்டில் பச்சை குத்திய பேர் ஒன்று. யாரோ அதைப் பெரிதாக்கி வட்டம் போட்டிருந்தார்கள்: 'தே என்று ஆரம்பிக்கிறது, மீதியை எண்ணெய் மறைக்கிறது, யாராவது தெளிவாக்கிச் சொல்லுங்கள், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.'

எங்கள் கம்பெனியில் யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அது சரசக்காவின் கை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருஷமாக எங்களிடம் ஓவர்லாக் தைக்கிறார். கணவர் இல்லை, ஒரே மகள் தேன்மொழி. மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஊர்த் திருவிழாவில் அவள் பேரைக் கையில் குத்திக்கொண்டதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். போனில் வீடியோவைக் காட்டினேன். கிட்டப் பார்க்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "நான் துணின்னுதான் தாயி எடுத்தேன்" என்றார். பிறகு வீடியோவின் கீழே இருந்த கல்லூரிப் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏந் தாயி, இது எம் மக படிக்கிற காலேசுல்ல?"

நேர்ந்துவிட்டது

அன்று மூன்று மன்னிப்பு எழுதினேன். 'எங்கள் நிறுவனத்தில் கவனக்குறைவு நேர்ந்துவிட்டது' என்று முதலாவது. 'மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்று இரண்டாவது. 'புண்பட்டிருந்தால்' என்ற சொல்லுக்கே தனியாக அறுபது பேர் திட்டினார்கள். மூன்றாவதை ஓனர் அண்ணன் சொல்லச் சொல்ல அடித்தேன். அவர் நல்ல மனுஷன். "நம்ம மேல தப்பு இருக்குதுங்கண்ணு, ஒத்துக்கோணும்" என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் போன் அடிக்க அடிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. சாயங்காலத்துக்குள் மாணவர் சங்கத்திடமிருந்து இரண்டு கோரிக்கைகள் வந்தன: புதன்கிழமை நான்கு மணிக்குள் அந்தப் பெண் வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அதன்பிறகு அவர் அங்கே வேலையில் இருக்கக் கூடாது. அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வீடியோ எடுத்துக் குடுத்துரலாங்கண்ணு. சரசு கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இருக்கட்டும். சத்தம் அடங்குனாப் பாத்துக்கலாம்." சத்தம் அடங்குவதற்குள் ஜெராக்ஸ் கடை என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

வெட்ட வேண்டாம் என்று சொன்னது நான். அது எனக்குத் தெரியும், செக்கிங் அக்காவுக்குத் தெரியும். டீ வாங்கப் போகும்போது அவர் தடுப்புக்குள் எட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. 'அண்ணா' என்று ஆரம்பித்து இரண்டு முறை ஓனர் மேசை வரைக்கும் போனேன். "என்ன கண்ணு?" என்றார். "ஒண்ணுமில்லீங்ணா" என்று திரும்பி வந்தேன். நான் எழுதிய மூன்று மன்னிப்பிலும் ஆளே இல்லை. அதை முதலில் கண்டுபிடித்தவள் நிவேதா. மற்றவர்கள் மாதிரி திட்டாமல், தனி மெசேஜில் எழுதினாள்: "நான் ஃபர்ஸ்ட் இயர்ல தினமும் லேட்டு. எனக்காக அவரு பஸ்ஸை நிறுத்தி வெச்சிருப்பாரு. நேர்ந்துவிட்டதுன்னா என்ன ப்ரோ? யாரோ ஒருத்தர் செஞ்சாங்கதானே?"

போடாதவர்கள் பட்டியல்

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கல்லூரி அட்டையைப் பைக்குள் மறைத்தபடி ஒரு பெண் ஆபீஸுக்குள் வந்தாள். தேன்மொழி. அம்மா டிபன் பாக்ஸோடு மாடிக்குப் போகும்வரை கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறாள். "அம்மா சொல்லும், ஆபீசுல சத்தமே போடாத அக்கா ஒண்ணு இருக்குன்னு. நீங்கதானே?" என்றாள். வீடியோவைப் பார்த்த நொடியே கை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் யாருக்கும் தெரியாது. அம்மா என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மாணிக்கம் அண்ணன் பஸ்ஸில்தான் அவளும் போய் வந்திருக்கிறாள். அவர் இறந்த அன்று அழுதிருக்கிறாள். "அவங்க கோவப்படறது தப்புன்னு சொல்ல முடியலக்கா. எனக்கே அந்தத் துணியப் பாத்தா என்னமோ பண்ணுது. ஆனா கை எங்கம்மாது" என்றாள்.

அம்மாவை வீடியோவில் காட்டாமல் இருக்க வழி உண்டா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். வீடியோ வந்தால் கையைப் பார்ப்பார்கள், பேரைப் படிப்பார்கள், அதே பேரில் இரண்டாம் ஆண்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? அவள் தன் போனைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். அவளுடைய ஸ்டோரிப் பதிவு. அதே பதினொரு நொடி, மேலே சிவப்பு எழுத்தில் 'மனசாட்சி இல்லாதவங்க'. நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். "நானும் போட்டேங்க்கா," என்றாள். "வகுப்புல போடாதவங்க பேரப் பட்டியல் எழுதறாங்க. அதுல என் பேர எழுதுனா, அந்தக் கையில இருக்கறதயும் படிச்சிருவாங்க."

நான்கு மணி

புதன்கிழமை சரசக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மணிக்கட்டில் வெள்ளைப் பனியன் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். கேட்டதற்குக் காயம் என்றார். "என்ன சொல்லணும்னு எழுதிக் குடு தாயி, பெரிய எழுத்தா எழுது" என்றார். இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். மெஷின் இரைச்சலுக்குள் அதை அவர் முணுமுணுத்துப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். காகிதத்தின் கீழே மூன்றாவதாக ஒரு வரி எழுதிக் கோடு போட்டு அடித்திருந்தேன். அது என் பேர்.

நான்கு மணிக்கு மாணவர்கள் வந்தார்கள். நிவேதா, ஹரிஷ், ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒருவராக இன்னும் மூன்று பேர். இரண்டாம் ஆண்டுக்கு அனுப்பப்பட்டவள் தேன்மொழி. உள்ளே வந்து அம்மாவைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது. சரசக்கா எல்லாரையும் ஒரே மாதிரி பார்த்தார். "வாங்க பிள்ளைகளா. வெயில்ல வந்திருக்கீக, தண்ணி குடிங்க" என்று குடத்திலிருந்து மொண்டு ஆளுக்கொரு டம்ளராக நீட்டினார். தேன்மொழிக்கும் அப்படியே நீட்டினார். "வாங்கிக்கம்மா" என்றார், யார் வீட்டுப் பிள்ளையிடமோ சொல்வது மாதிரி. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மெஷின்களை நிறுத்தினார்கள். சரசக்கா தன் ஓவர்லாக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். ஹரிஷ் போனை நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, கையில இருக்கிற கட்டை எடுத்துருங்க. அதே கைதான்னு தெரியணும்" என்றான். "காயம்ப்பா" என்றார் சரசக்கா. எப்படி எழுந்தேன் என்று தெரியாது. போனுக்கும் சரசக்காவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். "என் பேர் கோகிலா. நான்தான் அட்மின்" என்றேன்.

"ப்ரோ, நீங்களா?" என்றாள் நிவேதா. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். கெட்டுப்போன பீஸைக் குறுக்கே வெட்ட வேண்டும் என்பது, செக்கிங் அக்கா கத்தரியை வைத்தது, வெட்ட வேண்டாம் என்று நான் சொன்னது. பாதியில் ஹரிஷ் கையைத் தூக்கினான். "சவுண்டு வரலீங்க, கொஞ்சம் சத்தமா." மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இருபத்திரண்டு மெஷினும் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. ஓனர் அண்ணன் வாசலில் போனைக் காதில் வைத்தபடி நின்றார். "வெட்டியிருந்தா உங்க வீடியோவுல வெறும் துணிதான் தெரிஞ்சிருக்கும். அவங்க துணின்னுதான் எடுத்தாங்க. முகத்தை அதுல விட்டது நான்."

நிவேதா மெஷின் பக்கம் ஒரு எட்டு வந்தாள். "ஏன் வெட்ட வேண்டாம்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"மீசை நல்லா வந்திருந்துச்சுங்க" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹரிஷ் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "சரிங்க்கா, நீங்க சொன்னதையும் அப்படியே போட்டுர்றோம். ஆனா துடைச்சது இவங்கதானே. கமென்ட்ல எல்லாரும் அந்தக் கையைத்தான் கேக்கறாங்க. கட்டை அவுத்துட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சிரும்."

சரசக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "வார்த்தை எத்தன வேணுனாலும் சொல்றேன்ப்பா. கை எதுக்குப்பா?"

தேன்மொழி டம்ளரை மெஷின் மேசையில் வைத்தாள். பைக்குள் கிடந்த கல்லூரி அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டி, பேர் இருந்த பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிவிட்டாள். பக்கத்து மெஷினின் ஸ்டூலை இழுத்து அம்மாவுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தாள். முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த வெள்ளைத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.